பெர்க்மன் வீட்டைக் காட்சிக்கூடம் ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்வீடன் நாட்டுத் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மனுக்கும் அவர் குடியிருந்த ஃபோரோ தீவுக்கும் இடையே இருந்த பிணைப்பைப் போற்றி அத்தீவில் நடத்தப்பட்டு வரும் கண்காட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எங்கோ பால்டிக் கடலில் கிடக்கும் ஒரு சிறு தீவுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியதே பாராட்டுக்குரியது. ஆயினும் அக்கட்டுரையில் நுழைந்துவிட்ட ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, கட்டுரையாளர் இறுதியில் வெளியிட்டிருந்த ஆதங்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிழையை முதலில் பார்த்துவிடுவோம். கட்டுரையின் நடுவே பெரிதாக அச்சிடப்பட்டிருந்த படத்தில், சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரன் ஒருவன் பாறைகள் நிறைந்த கடற்கரையில் கறுப்பு அங்கி அணிந்த மரணத்துடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறான். அதன் கீழே, ஃபோரோ கடற்கரையில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற காட்சி என்று குறிப்பு இருந்தது. அது 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'தி செவன்த் சீல்' படத்தின் காட்சி. அந்தக் கடற்கரை ஸ்வீடனின் தென்மேற்கில், ஸ்கோனே மாகாணத்தில் உள்ள ஹோவ்ஸ் ஹல்லார். ஃபோரோவோ நாட்டின் கிழக்கே, கோத்லாந்து தீவின் வடமுனையை ஒட்டி அமைந்தது. பெர்க்மன் அத்தீவில் முதன்முதலாகக் கால் வைத்ததே 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான்.

இந்தக் குழப்பத்துக்குத் தங்கள் இதழை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஸ்வீடனின் மத்திய வங்கி 2015ஆம் ஆண்டு வெளியிட்ட பச்சை நிற 200 குரோனா தாள் ஒன்றை என் உறவினர் அங்கிருந்து கொண்டுவந்து தந்தார். அதன் முன்பக்கத்தில் பெர்க்மனின் முகமும், அருகிலேயே அதே 'செவன்த் சீல்' படப்பிடிப்பில் மரணமாக நடித்த பெங்ட் எக்கெரோட்டுடன் அவர் இருக்கும் சித்திரமும் உள்ளன. திருப்பினால் கோத்லாந்து நிலக்காட்சி. அலையரித்து நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்கள். ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சான இரு கடற்கரைகளை ஒன்றென்று நினைத்துக்கொள்வது எவருக்கும் நேரக்கூடியதே. ஒரு நாடு தன் நாணயத்தாளில் ஓர் இயக்குநரின் முகத்தையும் அவர் வாழ்ந்த நிலப்பகுதியையும் சேர்த்து அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டிருப்பது, எந்த அருங்காட்சியகமும் செய்ய இயலாத கௌரவம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

அவர் அத்தீவுக்கு வந்து சேர்ந்த கதையே சற்று வேடிக்கையானது. 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' படத்தை ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகளில் எடுக்க வேண்டும் என்று பெர்க்மன் பிடிவாதமாக இருந்தார். செலவைக் கணக்கிட்ட தயாரிப்பு நிர்வாகம் மிரண்டுபோய், உள்நாட்டிலேயே ஃபோரோ என்றொரு தீவு இருக்கிறது, அதைப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றது. பார்த்துவிட்டு ஒத்துவராது என்று சொல்லிவிட்டால் ஆர்க்னிக்கு வழி பிறக்கும் என்ற கணக்கில்தான் தாம் கிளம்பியதாக, 1987ஆம் ஆண்டு வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். போன இடத்தில் கணக்கு தப்பிவிட்டது. கூழாங்கல் கரையும், காற்றில் வளைந்த பைன் மரங்களும், புதர்க்காடும், ஆட்டு மந்தைகளும், மரமற்ற மேய்ச்சல் வெளியும் தம் மனத்தில் இருந்த நிலத்துக்கு உருவம் கொடுத்ததுபோல் அவருக்குப்பட்டன. அங்கே எடுத்த அந்தப் படம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பின்னர் 'பெர்சோனா', 'ஷேம்', 'தி பேஷன் ஆஃப் அன்னா' ஆகியவையும் அங்கேயே உருவாயின. 1967ஆம் ஆண்டு தீவின் ஹம்மார்ஸ் பகுதியில், கடலைப் பார்த்தவாறு நீண்டு கிடக்கும் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். 1976ஆம் ஆண்டு ஜனவரியில், அரசு நாடக அரங்கில் ஸ்ட்ரிண்ட்பெர்க் நாடக ஒத்திகையில் இருந்தபோது வரி வழக்கொன்றில் காவலர் அவரை அழைத்துச் சென்றதும், வழக்கு கைவிடப்பட்ட பிறகும் மனமுடைந்து அவர் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்ததும் பலரும் அறிந்தவை. நாட்டின் மீது அவ்வளவு கோபம் இருந்த ஆண்டுகளிலும் கோடை வந்தால் ஃபோரோவுக்கு வந்துவிடுவார் என்பதையே அந்தப் பிணைப்பின் ஆழத்துக்குச் சான்றாக நான் கருதுகிறேன்.

இனி நான் மாறுபடும் இடத்துக்கு வருகிறேன். ஹம்மார்ஸ் வீட்டுக்குள் பொதுமக்கள் விருப்பம்போல் நுழைந்து பார்க்க முடியாதிருப்பது பெருங்குறை என்றும், அவருடைய எழுதுமேசை, நாற்காலி, நூலகம் ஆகியவற்றைக் காண உலகமே ஏங்கும்போது அவற்றைப் பூட்டி வைத்திருப்பது முறையா என்றும் கட்டுரையாளர் கேட்டிருந்தார். பூட்டி வைத்திருப்பதாக அவர் எழுதியதே சரியன்று. அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது.

பெர்க்மன் 2007ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று அவ்வீட்டில் காலமானார். தமக்குப் பின் வீடு, நிலம், பொருள்கள் யாவும் அதிக விலை கேட்பவருக்கு விற்கப்பட வேண்டும் என்று அவர் உயில் எழுதி வைத்திருந்தார். ஒன்பது பிள்ளைகள், சொத்தின் பேரால் அவர்களிடையே மனக்கசப்பு வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டாக்ஹோமின் புக்கோவ்ஸ்கிஸ் ஏல நிறுவனம் அவருடைய உடைமைகளை ஏலம் விட்டபோது, சதுரங்கக் காய்கள் மட்டும் 10 லட்சம் குரோனாவுக்குப் போயின. வீடுகளும் நிலமும் வெளியார் கையில் சிதறிவிடும் என்றிருந்த நிலையில், நார்வேயைச் சேர்ந்த ஹான்ஸ் கூடே கூடெசென் என்ற தொழிலதிபர் அவற்றை மொத்தமாக வாங்கினார். ஏலத்தில் தாம் எடுத்த அறைக்கலன்களையும் மீண்டும் அந்த வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். பெர்க்மனுக்கும் நடிகை லிவ் உல்மனுக்கும் பிறந்த மகளான எழுத்தாளர் லின் உல்மனின் முயற்சியால், எழுத்தாளர்களும் திரைப்படக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் சில வாரங்கள் தங்கித் தங்கள் வேலையைச் செய்யும் உறைவிடமாக அந்த இடம் மாற்றப்பட்டது. பிரெஞ்சு இயக்குநர் மியா ஹான்சன்-லோவே அங்கே தங்கி எழுதி, அத்தீவிலேயே எடுத்த படம் 2021ஆம் ஆண்டு கான் விழாவில் திரையிடப்பட்டது.

இந்த ஏற்பாட்டைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் என்னவாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டின் கதவு ஒன்றில் பெர்க்மனும் லிவ் உல்மனும் தங்கள் நாள்களின் நல்லது கெட்டதை இதயங்களாகவும் வேறு குறிகளாகவும் குறித்து வைத்திருக்கிறார்கள். அதே கதவை இன்று வேறொரு நாட்டு நாவலாசிரியர் தேநீர்க் கோப்பையுடன் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போவார். அதைக் கழற்றிக் கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்தி, முன்னால் சிவப்புக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்தால் அது கதவாகவும் இராது, குறிப்பேடாகவும் இராது. மேதைகளின் மூக்குக்கண்ணாடியையும் செருப்பையும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருவதில் நமக்குள்ள ஆர்வத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால், காலையில் நடை, ஒன்பது மணி முதல் நண்பகல் வரை எழுத்து, பிற்பகல் மூன்று மணிக்குப் படம் என்று முறை வைத்து வாழ்ந்த ஒருவரின் வீட்டுக்கு, அங்கே வேலை தொடர்ந்து நடப்பதுதான் மரியாதை.

அந்த மூன்று மணிப் படக்காட்சியைப் பற்றியும் இரண்டு சொற்கள் எழுத வேண்டும். ஹம்மார்ஸ் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி டெம்பா என்ற பழைய பண்ணையும் அவருக்கு இருந்தது. அதன் தொழுவக் கட்டடத்தைப் பதினைந்தே இருக்கைகள் கொண்ட திரையரங்காக மாற்றியிருந்தார். ஸ்வீடன் திரைப்பட நிறுவனத்திலிருந்து படச்சுருள்கள் கடல் கடந்து வரும். கோடையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடிவிட்டால் அரங்கு நிறைந்துவிடும்; மற்ற நாள்களில் அவர் மட்டும் உட்கார்ந்து பார்ப்பார். கட்டுரையாளர் இதைத் தனிமையின் உச்சம் என்று வருணித்திருந்தார். எனக்கு அப்படிப்படவில்லை. தம் தொழிலில் பிறர் என்ன செய்கிறார்கள் என்று நாள்தோறும் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த தொழிலாளியின் ஒழுங்கு அது.

சொல்லப்போனால், பெர்க்மன் உலகத்தைத் துறந்து ஆளற்ற தீவில் ஒதுங்கி வாழ்ந்த துறவி என்னும் சித்திரமே கட்டுரை முழுவதும் விரவியிருந்தது. இத்தகைய கண்காட்சிகள் பலவும் இதே வழுக்கலில் கால் வைப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஃபோரோ ஆளற்ற தீவன்று. நூற்றுப்பத்துக்குச் சற்று அதிகமான சதுர கிலோமீட்டர் பரப்பில் இன்று ஏறத்தாழ 500 பேர் நிலையாக வாழ்கிறார்கள். கோடையில் வந்து போகும் கூட்டம் இதில் சேராது. மீன்பிடிப்பும் ஆடு வளர்ப்பும் உழவும் அவர்களுடைய பழைய தொழில்கள். மழைக்கும் பனிக்கும் ஆடுகள் ஒதுங்குவதற்காக, செங்குத்தான கூரை வேய்ந்த கொட்டில்களை வெட்டவெளியில் அவர்கள் கட்டி வைத்திருப்பதைப் படங்களில் பலமுறை பார்க்கலாம். பெர்க்மனின் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு வரும் அயலாருக்கு இந்த மக்கள் வழி சொல்ல மாட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி. தெரியாது என்று கைவிரிப்பார்கள், அல்லது வேறு திசையைக் காட்டிவிடுவார்கள். அவருடைய தனிமை என்பது அவர் ஒருவரே ஏற்படுத்திக்கொண்டதன்று. ஊரே கூடி அவருக்குக் காத்துக் கொடுத்தது. அதற்கு ஈடாக அவர் அந்த ஊருக்குச் செய்தது என்ன என்ற கேள்வி கட்டுரையில் எழவே இல்லை.

அதற்கு விடை இரண்டு ஆவணப்படங்கள். 1970ஆம் ஆண்டு ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த 'ஃபோரோ ஆவணம்' முதலாவது. 1979ஆம் ஆண்டு எடுத்தது அதன் தொடர்ச்சி. 'பெர்சோனா'வைப் பத்து முறை பார்த்த ரசிகர்களிலும் பலர் இவ்விரண்டையும் பார்த்திருப்பதில்லை. முதல் படத்தில் பெர்க்மனே கேள்வி கேட்பவராக ஊர்மக்கள் முன் அமர்கிறார். ஸ்வென் நிக்விஸ்ட்டின் ஒளிப்பதிவில் பேட்டிகள் கறுப்பு வெள்ளையிலும் தீவின் நிலம் வண்ணத்திலும் வருகின்றன. உலகப் புகழ்பெற்ற இயக்குநர் என்ற தோரணை எதுவும் அதில் இல்லை. வேலை கிடைக்கிறதா, இளைஞர்கள் ஏன் போகிறார்கள், தலைநகரத்து அதிகாரிகளுக்குத் தீவின் நிலை தெரிகிறதா என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதைப் போலவே உரையாடல் நகர்கிறது. கடைசியில் பள்ளிப் பேருந்துக்குள் ஒளிப்படக்கருவி நுழைகிறது. பெரியவர்களானதும் தீவிலேயே இருப்பீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்கப்படுகிறது. சிலர் கூச்சத்துடன் சிரிக்கிறார்கள். பெரும்பாலோர் போய்விடுவோம் என்கிறார்கள்.

இரண்டாவது படம் இன்னும் நிதானமானது. என் மதிப்பீட்டில் அவருடைய கதைப்படங்களில் சிலவற்றைவிட உயர்வானது. பருவங்கள் மாறுவதற்கேற்ப ஆடுகள் ஈனுவது, வைக்கோல் சேர்ப்பது, பன்றி அறுப்பது என்று ஓராண்டின் வேலைகள் அவசரமின்றிக் காட்டப்படுகின்றன. ஈரநிலத்தில் அறுத்து வந்த கோரையைக் கட்டுக் கட்டாக மேலே வீச, கூரை மீது நிற்பவர்கள் அதை வாங்கி அடுக்க, ஒரு வீட்டின் கூரையை ஊரே சேர்ந்து வேய்கிறது. வேலை முடிந்ததும் அனைவருக்கும் சாப்பாடு. நம் ஊர்ப்பக்கம் கூரை வேய்ந்ததைப் பார்த்து வளர்ந்த எவரும் அந்தக் காட்சியில் ஒரு கணம் தங்கள் ஊரின் பெயரைத் தேடுவார்கள். இன்னோரிடத்தில், தனியாக வாழும் முதிய விவசாயி ஒருவர் தமக்கு வேண்டிய உணவைத் தாமே சமைத்து, மேசையில் வைத்து, உட்கார்ந்து உண்டு முடிக்கும் வரை, ஒரு சொல்லும் இன்றி, பெர்க்மன் பொறுமையாகக் காட்டுகிறார். கடவுளின் மௌனத்தைப் பற்றி அவர் எடுத்த படங்களைக் குறித்து நூலகம் நிறைய எழுதப்பட்டுவிட்டது. இந்த மனிதரின் மௌனத்தைப் பற்றி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லை. பேருந்தில் பார்த்த பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. பத்து ஆண்டுகளில் அவர்களில் போனவர்களும் உண்டு, போவதாகச் சொல்லிவிட்டுத் தங்கிவிட்டவர்களும் உண்டு.

இப்போது கண்காட்சிகள் நடக்கும் பெர்க்மன் மையம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதைக் கட்டுரை ஒரே சொற்றொடரில் கடந்துவிட்டது. அது ஃபோரோ தீவின் பழைய பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் இன்று வகுப்புகள் நடக்கும் இடமாக இல்லை. அரங்கும் நூலகமும் கண்காட்சியுமாக இயக்குநரின் புகழைத் தாங்கி நிற்கிறது. மூடிய கட்டடம் பாழாகாமல் காக்கப்பட்டதும், 2004ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நடக்கும் பெர்க்மன் வாரத்துக்கும் பிற நிகழ்ச்சிகளுக்கும் அதனால் ஓர் இடம் கிடைத்ததும் நல்லவையே. வரும் பயணிகளால் தீவில் சிலருக்காவது வருமானம் உண்டு. ஆனாலும் அந்த இடத்தில் நிற்கும் பார்வையாளருக்கு, 1970ஆம் ஆண்டின் பேருந்துக் காட்சியைவிட முதன்மையாகக் காட்டத்தக்க பொருள் வேறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சிறிய தீவின் புகழ் வளர வளர, வீடுகள் வெளியூராரின் கோடைக்கால வீடுகளாக மாறுவதும், அங்கேயே பிறந்தவர்க்கு அங்கே வீடு வாங்குவது எட்டாக்கனியாவதும் ஃபோரோவிலும் நடந்து வருகின்றன. ஓர் இயக்குநருக்கும் தீவுக்கும் உள்ள பிணைப்பைக் கொண்டாடும் எந்தக் கண்காட்சியும், அந்தக் கொண்டாட்டமே தீவை என்ன செய்கிறது என்பதையும் ஓர் ஓரத்திலாவது சொல்லியாக வேண்டும். பெர்க்மனே இருந்திருந்தால் மூன்றாவது ஆவணப்படத்துக்கு அதைத்தான் பொருளாக எடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

இன்னொன்றையும் இங்கே சேர்க்கலாம். பெர்க்மனும் அவருடைய மனைவி இங்ரிடும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தீவுத் தேவாலயத்தின் உள்ளே, கடல்நாய் வேட்டைக்குப் போன ஊர்க்காரர்கள் உடைந்த பனிப்பாளத்தோடு கடலில் அடித்துச் செல்லப்பட்டு, பல நாள் தத்தளித்துப் பிழைத்து வந்ததை நன்றியுடன் தீட்டி வைத்த பழைய ஓவியங்கள் உள்ளன. பெர்க்மன் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அத்தீவுக்குத் தன் கதையைத் தானே காட்சிப்படுத்தத் தெரிந்திருந்தது. கல்லறைக்கு மலர் வைக்கப் போகிறவர்கள் உள்ளே சென்று அவற்றையும் பார்த்துவிட்டு வந்தால், கடலும் பாறையும் ஓர் இயக்குநருக்கு அமைந்த வெறும் பின்னணி என்ற எண்ணம் தானே கழன்றுவிடும்.

ஆகவே கட்டுரையாளரிடமும் தங்களிடமும் நான் வேண்டிக்கொள்வது எளியது. சதுரங்கப் படத்தின் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஹம்மார்ஸ் வீட்டின் கதவைத் திறக்கச் சொல்லும் கோரிக்கையைக் கைவிட்டு, அவ்வீட்டில் தங்கி எழுதத் தமிழ் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் விண்ணப்பிக்க வழியுண்டா என்பதை விசாரித்து ஒரு செய்தியாகத் தந்தால் பலருக்குப் பயன்படும். அடுத்த முறை ஃபோரோவைப் பற்றி எழுதும்போது, கூரை மீது நின்று கோரையை வாங்குகிறவர்களின் படம் ஒன்றையும் இயக்குநரின் முகத்துக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். தமிழ்நாட்டில் பெர்க்மன் படங்களை விடாமல் திரையிட்டு வரும் திரைப்படச் சங்கங்களுக்கும் தங்கள் வழியாக ஒரு சொல்: 1970, 1979 ஆகிய இரண்டு படங்களையும் ஒரே மாலையில், இடையில் தேநீருக்கு மட்டும் நேரம் விட்டு, அடுத்தடுத்துத் திரையிட வேண்டும், தனித்தனியே பார்த்தால் பேருந்துப் பிள்ளைகளின் முகங்கள் மறந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.